காலி டப்பாவுக்குக் கொடுத்த நியூட்ரான்

1. வளைகோல்

"கோட்டைக் கொஞ்சம் மேல தூக்கிப் போடும்மா. அந்த மேடு காணாமப் போயிடும்" என்றார் என் ஆராய்ச்சி கைடு.

விழுப்புரத்தில் எங்கள் கல்லூரி ஆய்வறை. மேசைமேல் நான் பம்பாயிலிருந்து கொண்டுவந்த கிராஃப் தாள். அணு உலையிலிருந்து வரும் நியூட்ரான் கற்றையை, எங்கள் பேச்சில் பீமை, ஒரு பொடிமேல் விட்டால், அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதைக் கிராஃபில் எழும் கூர்மையான முகடுகள் காட்டும். காந்தப் பொருள் என்றால், குளிரவைத்ததும் அணுக்காந்தங்களும் வரிசைக்கு வந்து புது முகடுகள் எழும். என் குரோமியம் சேர்ந்த கூட்டு ஆக்சைடுப் பொடியில் புது முகடு ஒன்றுகூட எழவில்லை. தாளின் இடது ஓரத்தில், குறைந்த கோணத்தில், படுத்துக்கிடந்த மேடு ஒன்று மட்டும்.

முகடுகளுக்கு அடியில், வளைந்த கோடு போட உதவும் வளைகோலை வைத்து ஒரு கோடு இழுப்பது எங்கள் குழுவின் வழக்கம். கோட்டுக்குக் கீழே இருப்பது பேக்ரவுண்ட், அதாவது பொடி வைக்கும் டப்பாவும் காற்றும் சிதறடிக்கும் வேண்டாத நியூட்ரான்கள்; கழித்துவிடலாம். என் மேட்டையும் அப்படிக் கழிக்கச் சொன்னார்.

"கழிச்சா என்ன சார் மிச்சம்?"

"ஒண்ணும் இல்ல. உன் சாம்பிள் கெட்டது. பம்பாயில கடைசியா ஒரு டர்ன் இருக்கு. புதுப் பொடி செஞ்சு வை. அப்பவும் முகடு வரலன்னா இந்த டாபிக்கை விட்டுடு. பி.எட். சேர்ந்தா வீட்லயும் சந்தோஷப்படுவாங்க."

2. மயிலம் பஸ்

அந்த வாரம் திண்டிவனத்தில் பஸ் மாறி, மயிலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போனேன். அம்மா கூலிக்கு மல்லாட்டை உரித்துக் கடலையை முறத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"வருஷக்கணக்கா பொடி அரைச்சிக்கினே கீற. மசாலாக் கடை வச்சிருந்தாலும் கல்லா ரொம்பியிருக்கும்" என்றாள்.

"டாபிக்க வுடச் சொல்றாரும்மா."

"அவரு சொன்னா வுட்டுடுவியா? திண்டிவனம் காலேஜுல உன்னச் சேத்தப்ப ஊரே பேசிச்சு. நான் காதுல வாங்கினனா?"

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். புதுப் பொடி செய்யவில்லை. மேடு பொடியிலிருந்து வருகிறதா, டப்பாவிலிருந்தா என்று முதலில் தெரியவேண்டும். பழைய பொடியையே எடுத்துக்கொண்டு ரயில் ஏறினேன்.

3. காற்றுக்கு நியூட்ரான்

பம்பாயில் கருவியை இயக்கியவர் எங்கள் விழுப்புரம் பக்கத்துக் கண்டமங்கலத்துக்காரர். பொடி வைக்கும் உலோக டப்பாவைத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாம்மா, உள்ள ஒண்ணுமே இல்ல?"

"தெரியும்ணே. காலியாவே வைங்க."

"அவனவன் பீம் கிடைக்காம பேஜாரா அலையறான். நீ காத்துக்கு நியூட்ரான் வுட்டுக்கினு கீற!"

"நாளைக்கு இதே டப்பால பொடிய வைக்கலாம். இன்னிக்கு என் பேச்சக் கேளுங்கண்ணே."

தலையில் அடித்துக்கொண்டு வைத்தார்.

காலி டப்பாவில் மேடு இல்லை. மறுநாள் பொடியைப் போட்டதும் மேடு வந்தது; அப்படியென்றால் அது பேக்ரவுண்ட் இல்லை. திரவ நைட்ரஜனில் குளிரவைத்ததும் இன்னும் உயர்ந்தது. பொடியில் ஈரமோ கலப்படமோ இருந்தால் குளிருக்காக இப்படி உயராது. அணு அடுக்கைக் காட்டும் பழைய முகடுகளும் அதே கூர்மையோடு நின்றன. பொடி கெடவில்லை.

காரணம் அதன் அமைப்பு. குரோமியம் அணுக்கள் முக்கோணம் முக்கோணமாக உட்கார்ந்திருக்கின்றன. பக்கத்து அணுவின் காந்தத்துக்கு எதிர்த்திசையில்தான் ஒவ்வொன்றின் காந்தமும் நிற்கப் பார்க்கும். இரண்டு எதிரெதிராக நின்றுவிட்டால் மூன்றாவது எப்படி நின்றாலும் ஒன்றோடு மோதும். அதனால் குளிர்ந்தும் முழு வரிசை அமையவில்லை. அருகருகே உள்ளவற்றுக்குள் மட்டும் ஓர் ஒப்பந்தம். அந்த மேடு அதுதான்.

4. பேர் வரிசை

கைடு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பார்த்தார்.

"யாரைக் கேட்டும்மா காலி டப்பாவ வச்ச?"

"யாரையும் கேக்கல சார். கேட்டிருந்தா வேணாம்னிருப்பீங்க."

அவர் மேட்டின் ஓரமாகப் பென்சிலை ஓட்டிப் பார்த்தார். பிறகு, "பேப்பர்ல பேரு எப்படிப் போடறது?" என்றார்.

"என் பேரு முதல்ல சார்."

அப்படித்தான் வந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பெண்களுக்குச் சொல்கிறேன். முதலில் காலி டப்பாவை அளந்துவிடுங்கள். அதற்கப்புறம் எவர் வளைகோலை நீட்டினாலும் வாங்காதீர்கள்.