பெரிய எம், சின்ன எம்

பிரசவ ஆஸ்பத்திரியின் ரெக்கார்டு அறையில் அவள் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தாள். எல்லாருக்கும் ‘ஃபைல் அக்கா’. கேஸ் தாள்களை ஸ்கேன் செய்து, பெயர் கொடுத்து, கம்ப்யூட்டரில் ஏற்றுவது கடைசி ஒன்பது வருஷ வேலை. ஏற்றி முடித்த தாள்கள் கூழாக்கப் போய்விடும்.

பெயர் வைக்கும் முறை அவளே யோசித்தது. தாய்க்கும் குழந்தைக்கும் ஒரே எண். எண்ணுக்கு முன்னால் தாய்க்கு ஆங்கிலத்தின் பெரிய எம் (M), குழந்தைக்குச் சின்ன எம் (m). அந்தக் கம்ப்யூட்டரை இயக்கிய லினக்ஸுக்கு அவை இரண்டு தனித்தனிப் பெயர்கள்.

"நம்ம எழுத்துல பெருசு, சின்னது ஏதுக்கா? வெள்ளைக்காரன் எழுத்துலயும் உசத்தி தாழ்த்தி வச்சிருக்கான் பாரு" என்று கூட்டுகிறவள் சிரிப்பாள்.

பிறகு புது விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் வந்தன. கம்ப்யூட்டர் கம்பெனியிலிருந்து வந்த டெக்னீஷியன் பழைய ஃபைல்களை ஒரே மூட்டையாகக் கட்டிக் கொண்டுவந்து புதியதில் பிரித்தார். திரையில் ஒரு கேள்வி வந்தது.

"என்ன சார் கேக்குது?"

"ஒரே பேர்ல ரெண்டு ரெண்டு இருக்காம். ஒண்ணு மேலயே இன்னொண்ண எழுதவான்னு கேக்குது."

"ஒரே பேர் இல்ல சார். ஒண்ணு பெரிய எழுத்து…"

"இதுக்கு ரெண்டும் ஒண்ணுதான் மேடம். நீங்க போய் டீ குடிச்சிட்டு வாங்க." எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே தடவையில் ‘சரி’ தட்டினார்.

அவள் டீ குடிக்கப் போனாள். அதற்காகத்தான் பின்னால் தன்னையே மன்னிக்க முடியாமல் தவித்தாள்.

பழைய கம்ப்யூட்டரில் இருந்ததையும் அந்த மூட்டையையும் அழித்துவிட்டு, கம்ப்யூட்டரை எடுத்துப் போய்விட்டார்கள். மூன்று வாரம் கழித்து நர்ஸ் ஓடிவந்தாள். எட்டு மாதக் கர்ப்பிணி ஒருத்தி வந்திருக்கிறாள். இங்கேயே நடந்த முதல் பிரசவத்தில் ஏதோ மயக்க மருந்து ஒத்துக்கொள்ளாமல் சாகக் கிடந்தவள். எந்த மருந்து என்று அவளுக்குத் தெரியவில்லை. அக்கா ஃபைலைத் திறந்தாள். பெயரில் பெரிய எம். உள்ளே குழந்தையின் எடை. அடுத்ததிலும் குழந்தை. அதற்கடுத்ததிலும். நாலாயிரம் தாய்மார்களை அவர்கள் பெற்ற பிள்ளைகளே அழித்திருந்தார்கள்.

விசாரணையில் டெக்னீஷியன் தெளிவாகப் பேசினார். "ஒரே பேரை ரெண்டு ஃபைலுக்கு வச்சா எந்த சிஸ்டம் சார் தாங்கும்?" சூப்பிரண்டெண்ட் அவள் பக்கம் திரும்பி, "ரெண்டும் எம்தானேம்மா?" என்றார். ‘என் கவனக்குறைவால்’ என்று தொடங்கிய கடிதத்தைக் கையெழுத்துக்காக அவளிடம் நீட்டினார்கள்.

"எதிர்த்து நின்னு என்ன கிழிக்கப் போற? ரிட்டயராக இன்னும் நாலு வருஷம்தானே, போட்டுத் தொல" என்றார் கணவர்.

போட்டாள். அவளை வார்டுகளுக்குப் போர்வை, விரிப்பு கொடுக்கும் துணி ஸ்டோருக்கு மாற்றினார்கள். அந்தக் கம்பெனிக்கு இன்னும் இரண்டு ஆஸ்பத்திரிகளின் வேலையும் கிடைத்தது.

அந்தக் கர்ப்பிணியை வேறு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டதாகக் கேள்வி. என்ன ஆனாள் என்று அக்கா நர்ஸிடம் இரண்டு தடவை கேட்டாள். இரண்டாம் தடவை நர்ஸ் போர்வைகளை வாங்கிக்கொண்டே, "உனக்கு எதுக்குக்கா இப்ப அதெல்லாம்?" என்று சொல்லிவிட்டுப் போனாள்.