என் பக்கமாக மடித்த இலை

சென்ற வெள்ளிக்கிழமை காலை பல் விளக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மணிலா நம்பர். எடுத்தால், "மாமா" என்றது ஒரு குரல். லூர்தெஸின் மகன் ஜுன்னுக்குத் தமிழில் தெரிந்த ஒரே சொல் அதுதான். மீதியெல்லாம் இங்கிலீஷ். அம்மா தூக்கத்திலேயே போய்விட்டாராம், நோவில்லாமல். முந்தின வாரம்கூட என்னைப் பற்றிக் கேட்டாராம், "முத்து சாப்பிடுகிறானா?" என்று.

பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண்மணிக்குச் சிவகங்கைப் பக்கத்துக்காரன் எதற்கு அஞ்சலி எழுதுகிறான் என்று சிலர் கேட்கலாம். என் அக்காவுக்கு நான் எழுதாமல் வேறு யார் எழுதுவது?

எழுபதுகளின் கடைசியில் துபாய்ப் பக்கம் ஜெபல் அலியில் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அங்கே கம்பி கட்டும் வேலையில் இருந்தேன். விமானம் ஏறியபோது என் மனைவிக்கு ஐந்து மாதம். மகள் பிறந்ததே எனக்குக் கடிதத்தில்தான் தெரியும். அடுத்த கடிதத்தில், பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு, பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம் என்று நாலே வரி. அதற்கப்புறம் ஒரு மாதத்துக்கு மேல் ஒன்றுமே வரவில்லை. இப்போதுபோல் ஆளுக்கொரு போனா இருந்தது? பிள்ளை இருக்கிறதா, போய்விட்டதா என்றே தெரியாமல் கம்பி கட்டினேன். சோறு இறங்கவில்லை. ஒருநாள் சைட்டிலேயே மயங்கி விழுந்தேன்.

தொழிலாளர் கேம்ப் ரூமில் என்னோடு இருந்த பரமக்குடிக் கருப்பையாதான் என்னைக் கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனான். அங்கே நர்ஸாக இருந்தவர் லூர்தெஸ். அவர் ஊசியைக் குத்தியதும், எங்கள் ஊர் வழக்கப்படி "ஆத்தே!" என்று கத்தினேன்.

"யெஸ்?" என்றார் அவர்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மருந்து ஏற ஏற வலி தாங்காமல், "ஆத்தே! ஆத்தே!" என்றேன். "யெஸ், யெஸ், இங்கேதான் இருக்கேன்" என்றார். பக்கத்துக் கட்டில்களில் கிடந்த அவர் நாட்டுக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவர்கள் பாஷையில் அக்காவை 'ஆத்தே' என்றுதான் கூப்பிடுவார்களாம். அவரோ என்னைவிட நாலு வயது சின்னவர்!

"கூப்பிட்டுட்டேல்ல? இனிமே நான்தான் உனக்கு அக்கா" என்றார். பாதி இங்கிலீஷும் பாதி கேம்ப் ஹிந்தியுமாக அவர் பேசியதை என் தமிழில் தருகிறேன். அக்கா என்று ஆனதும் விசாரணை தொடங்கிவிட்டது. ஏன் சாப்பிடவில்லை, எத்தனை நாளாக, என்ன கவலை? சொன்னேன்.

"நீ பட்டினி கெடந்தா லெட்டர் சீக்கிரம் வந்துருமா? வர்ற வெள்ளிக்கிழமை என் பையனுக்கு ஞானஸ்நானம். மத்தியானம் வீட்டுக்கு வர்றே."

மாட்டேன் என்றுதான் இருந்தேன். பிள்ளை கதி தெரியாதவனுக்கு விருந்து ஒரு கேடா? கருப்பையா விடவில்லை. "யெல்லா, கெளம்புங்கண்ணே. நீங்க போகலேன்னா அந்தம்மா சட்டியோட கேம்ப்புக்கு வந்துரும்" என்றான்.

துபாய் டவுனுக்குள், கராமாவில் இரண்டே அறை கொண்ட வீடு. உள்ளே முப்பது பேர். அவருடைய கணவர் பென், கிரேன் ஓட்டுபவர், வாசலில் கை குலுக்குவதற்கு முன்னால் கையில் காகிதத் தட்டைத் திணித்தார். மேசையில் ஒரு சட்டிமேல் என் பெயரை எழுத்துப்பிழையோடு எழுதி ஒட்டியிருந்தது. "மாடு, பன்னி நீ தொட மாட்டேன்னு கருப்பையா சொல்லிட்டான். இது வெறும் கோழி. பயப்படாமத் தின்னு" என்றார் ஆத்தே. சீனி போட்ட இட்லி மாதிரி ஒன்று இருந்தது. சேமியாவை முழம் முழமாக நீட்டியது போல ஒன்று, பன்சித் என்றார்கள்.

"கடிச்சுத் துண்டாக்காதே. அது நீளமா இருந்தாத்தான் ஆயுசு நீளம்."

எப்படியோ தின்று முடித்தேன். உடனே இன்னொரு தட்டில் அதையே கொண்டுவந்து வைத்தார். "இது உன் மகளுக்கு. அவளால வர முடியலேல்ல? அவ பங்கை அப்பன்தான் தின்னணும்."

அழுதுவிட்டேன். முப்பது பேருக்கு நடுவில் மூக்கு ஒழுக அழுதேன். ஆத்தே, ஞானஸ்நானக் கவுன் போட்டிருந்த ஜுன்னைத் தூக்கி என் மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டார். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அழ முடியாது. பிடித்துக்கொள்ள இரண்டு கையும் வேண்டும்.

"தாய்மாமன் மடியில உக்காந்தாச்சு. இனி மொட்டை போட்டுக் காது குத்த வேண்டியதுதான்" என்றான் கருப்பையா.

மகள் பங்கை ஒரு இழை விடாமல் தின்றேன். தட்டு காலியானதைப் பார்த்ததும் ஆத்தே கரண்டியோடு வந்தார். "காலாஸ்" என்றேன், கேம்ப்பில் கற்ற அரபியில், முடித்துவிட்டேன் என்ற அர்த்தத்தில். சோறு காலி என்று அவர் எடுத்துக்கொண்டார். மறுபடி குவித்தார். மூன்றாம் முறை எனக்கு மூச்சு முட்டியது. என்ன செய்வது? நம் வீட்டு விசேஷங்களில் இலையை மடிப்பது போல, காகிதத் தட்டைப் பாதியாக என் பக்கம் மடித்தேன். நல்ல காரியம் என்றால் தன் பக்கமாக மடிக்க வேண்டும், உறவு தொடரட்டும் என்று. துக்க வீடென்றால் எதிர்ப்பக்கம்.

ஆத்தேயின் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! மடித்த தட்டை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனவர், கோழியும் சோறும் பன்சித்துமாக இரண்டு பெரிய பொட்டலங்களோடு வந்தார். வீட்டுக்குக் கட்டிக் கொடுக்கச் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார்.

"ஏண்ணே, பார்சலா கேட்டீங்க?" என்று கருப்பையா காதைக் கடித்தான். எனக்கு மானம் போயிற்று. ஆனால் அன்றைக்கு எங்கள் ரூமில் பத்துப் பேர் அதைச் சாப்பிட்டோம்.

பத்து நாள் கழித்துக் கடிதம் வந்தது. வேறு கேம்ப்புக்குப் போய்ச் சுற்றிவிட்டு வந்திருந்தது. கிளினிக்குக்கு ஓடினேன். ஆத்தே கடிதத்தை வாங்கித் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "எந்த வரி?" என்றார். நேராகத் திருப்பிப் பிடித்துக் காட்டினேன். 'பிள்ளை தேறிவிட்டாள், குப்புற விழுகிறாள்' என்ற வரியை விரலால் இரண்டு தடவை தடவினார். "என் பன்சித் வேலை செஞ்சிருச்சு பாத்தியா" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார்.

அதன் பிறகு அந்த வீட்டில் எந்த விசேஷமானாலும் நான் தட்டை மடிப்பேன், அவர் பொட்டலம் கட்டுவார். ஒப்பந்தம் முடிந்து ஊருக்குக் கிளம்பும்போதுதான் மடிப்பதன் உண்மையான அர்த்தத்தைச் சொன்னேன். ஆத்தே சிரித்த சிரிப்பில் ஜுன் பயந்து அழுதான். பிறகு சொன்னார்: "உறவு தொடரட்டும்னுதானே மடிச்சே? நானும் அதுக்குத்தானே கட்டிக் கொடுத்தேன்."

வெள்ளிக்கிழமை செய்தி கேட்டு என் மகள் வந்தாள். குழந்தையில் பிழைப்பாளா என்றிருந்தவளுக்கு இப்போது கல்லூரி போகும் பிள்ளைகள். நேரில் பார்க்காத அத்தைக்காகச் சேமியாவை உடைக்காமல் நீளமாகவே வேகவைத்து, இலை போட்டுப் பரிமாறினாள். ஒரு இழையைக்கூடக் கடிக்காமல் தின்றேன்.

முடித்ததும் என் மனைவி மெதுவாக, "ஏங்க, துக்கச் சாப்பாடு. அந்தப் பக்கமா மடிங்க" என்றாள்.

நான் என் பக்கமாகத்தான் மடித்தேன். ஆத்தே, காலாஸ் என்று நான் சொல்ல மாட்டேன். பொட்டலத்தைக் கட்டி வையுங்கள்.