வெர்லாவின் கேள்வி

டெல்மர் ஹாஸ்கின் நெவாடாவின் வறண்ட மேட்டுநிலத்தில் நாற்பத்தொரு வருஷம் மாடு மேய்த்தவர். அங்கே வண்டியில் இருவர் போனால், ஓட்டாதவர் இறங்கிப் படலைத் திறக்க வேண்டும். மனைவி வெர்லாதான் இறங்குவாள். வண்டி கடந்ததும் கம்பிப் படலைப் பிடித்துக்கொண்டு, "மூடவா, விடவா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

"எத்தன வருஷமாடி கேப்ப?"

"உன் மண்டையில எதாச்சும் நிக்கிற வரைக்கும்."

மார்ச்சில் அவள் இறந்தாள்.

ஆகஸ்டில் கிழக்கு மேய்ச்சலின் ஊற்று வற்றியது. மேற்கே தொட்டி நிரம்பி வழிந்தது. நடுவே டெல்மர் இறுக்கிக் கட்டிய ஐந்து கம்பி வேலி. படலைத் திறந்து போட்டால் போதும், மாடுகள் தண்ணீர் வாசம் பிடித்துத் தாமே போய்விடும். செவ்வாய்க்கிழமை தனியாகப் போய்த் திறந்தார். வண்டியை மேற்கே விட்டு, தொட்டியைப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கமாகவே வீடு திரும்பினார்.

சனிக்கிழமை தம்பி ராய்ஸுடன் மாடுகள் நக்க உப்புக்கட்டி போடப் போனபோது தூரத்திலேயே கழுகுகள் தெரிந்தன. படல் மூடியிருந்தது. அதற்குக் கிழக்கே பதினேழு மாடுகள், தலை எல்லாம் தொட்டியைப் பார்த்தபடி, செத்துக் கிடந்தன. தொட்டி அறுபது அடி தூரம்தான்.

"எந்த வேட்டைக்கார நாயிடா மூடினவன்?" ராய்ஸ் கத்தினான். "கதவு இருந்தபடியே விட்டுட்டுப் போவணும்னு தெரியாதா? கையில கெடைக்கட்டும், கழுத்தத் திருகிடறேன்."

டெல்மர் படலின் கட்டைப் பார்த்தார். காற்றுக்கு அவிழாதபடி கயிறு இரண்டு சுற்று, முனை உள்ளே செருகியிருந்தது. தனியாகப் போகும்போதெல்லாம் அவர் கை போடும் முடிச்சு.

"நான்தாண்டா."

"வெயில்ல உளறாதண்ணே. நீ தொறக்கத்தான வந்த?"

"தொறந்தேன். வண்டி தாண்டுனதும் எறங்கி மூடியிருக்கேன். நெனப்பே இல்ல."

ராய்ஸ் முடிச்சைக் குனிந்து பார்த்தான்.

வெர்லா புட்டிப்பால் கொடுத்து வளர்த்த செவலைப் பசு மட்டும் மூச்சோடு கிடந்தது. டெல்மர் தொப்பியில் தண்ணீர் மொண்டு வந்து நாக்கை நனைத்தார். இரண்டு வாய் குடித்தது. மூன்றாவது தொப்பி கொண்டுவருவதற்குள் கண் நிலைத்துவிட்டது.

திரும்பும்போது ராய்ஸ் ஓட்டினான். அடுத்த படலில் டெல்மர் இறங்கித் திறந்தார். வண்டி கடந்தது. படலைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார்.

"வாண்ணே!"

"மூடவா, விடவா?"

"மூடித்தான இருந்துச்சு. மூடு."

அவர் அசையவில்லை. "நல்லாப் பாத்துச் சொல்லுடா," என்றார்.