ஒரு சாண் குட்டை

என் வீட்டுக்காரருக்கு மர மில்லில் 'டேப்பு' என்று பட்டப்பெயர். டேப்பைத் தொடவே மாட்டார் என்பதால் வைத்த கிண்டல். ரம்ப மேசையின் கோடியில் ஒரு கட்டையை அடித்து வைத்திருந்தார். மரம் வந்து அதில் முட்டினால் அளவு சரி. எங்கள் மரம் போகிற, எல்லைக்கு அந்தப் பக்கத்து நாட்டில் கேட்கிற அளவு அது. நான் அங்கே பலகை அடுக்க வந்த நாள்முதல் அந்தக் கட்டை அசைந்து பார்த்ததில்லை.

இந்த வருஷம் அந்தப் பக்கத்து அரசாங்கம், இவ்வளவு மரத்துக்கு மேல் உள்ளே விடமாட்டோம் என்று வரம்பு கட்டிவிட்டது. பாதி வருஷத்திலேயே வரம்பு நிரம்பிவிட்டது. எங்கள் லாரிகள் போன சுமையோடு திரும்பி வந்தன. முதலாளி முக்கால்வாசிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார். எங்களை வைத்துக்கொண்டது ஓர் உள்ளூர் ஆர்டருக்காக: பள்ளிக்கூடக் கூரைக்குச் சட்டங்கள்.

"இது நல்லபடியா போனா ரம்பம் ஓடும். இல்லன்னா பூட்ட வேண்டியதுதான். இங்கத்த அளவு ஒரு சாண் கூட, மறந்துடாதப்பா."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன் முதலாளி" என்றார் இவர்.

ரம்பத்தைத் தீட்டினார், பெல்ட்டை இறுக்கினார். கட்டையை மட்டும் நகர்த்தவில்லை. அறுத்ததையெல்லாம் நான்தான் அடுக்கினேன், எனக்கும் உறைக்கவில்லை. அடுக்கு எப்போதும்போல அழகாக இருந்தது, அதுதான் வினை.

பள்ளிக்கூடக் கூரை போடும் மேஸ்திரி வந்து சட்டத்தின்மேல் டேப்பை நீட்டினார். "என்னண்ணே, எல்லாமே குட்டையா இருக்கு?"

தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். கூரைக்கு அது செல்லாது. ஒரு சாண் குறைந்தால் சுவரைத் தொடாது. முதலாளி திட்டியிருந்தால்கூடத் தேவலை. ரம்பத்தை நிறுத்திவிட்டு, "தார்ப்பாய் போட்டு மூடுங்க. அடுத்த வருஷம் எல்லை திறந்தா அந்தப் பக்கம் அனுப்பிக்கலாம்" என்று போய்விட்டார்.

இப்போது கூலி கிடையாது. ஆனாலும் தூறல் விழுந்தால் இவர் மில்லுக்கு ஓடுகிறார். தார்ப்பாயை இழுத்துக் கட்டிவிட்டு நனைந்துகொண்டே வருகிறார்.

"திறந்தா முதல் வண்டி நம்மளுதுதான். அவங்க கேக்கற அளவு அச்சா இருக்குல்ல?" என்றார் ஒருநாள்.

"ஆமா" என்றேன். அடிவரிசை கறுத்துப் பூசணம் பிடித்திருந்ததை முந்தின நாளே பார்த்துவிட்டேன். அதைச் சொல்லவும் எனக்கு அலுத்துப் போயிருந்தது.

நேற்று மழையில் துண்டு கொடுக்கப் போனேன். அடிவரிசை வெளியே தெரியாதபடி சுற்றிலும் செங்கல் அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் திடுக்கிட்டு, "ஈரம் ஏறக்கூடாது பாரு, அதான்" என்றார்.

மீதிச் செங்கல்லை நான் எடுத்துக் கொடுத்தேன்.