பாட்டிலில் வந்த மல்லாட்டை

சென்னையிலிருந்து மாமா கொண்டுவந்து இறக்கிவிட்டபோது அத்தை மகனுக்கு ஐந்து வயது. நைனார்பாளையத்தில் எங்கள் வீட்டு வாசலில், ஒரு கையில் துணிப்பையும் இன்னொரு கையில் பழுப்பு நிறத்தில் எதையோ அடைத்த பாட்டிலுமாக நின்றான். பையை அம்மா வாங்கிக்கொண்டாள். பாட்டிலை அவன் தரவில்லை.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. அவளுக்கு உடம்பு சரியில்லை, ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போய்வர வேண்டியிருக்கிறது, அதுவரை பிள்ளை இங்கே இருக்கட்டும் என்று பெரியவர்கள் பேசி முடிவெடுத்திருந்தார்கள். எனக்கு அப்போது ஒன்பது வயது. உடம்பு சரியில்லை என்றால் காய்ச்சல், ஊசி, மறுநாள் ரசம் சோறு என்பதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. "இன்னாடி, மாப்ள வந்துட்டாரா?" என்று தெருப் பெண்கள் என்னைச் சீண்டியதுதான் அந்தக் கோடையில் எனக்கு நேர்ந்த பெரிய துன்பம்.

மாப்பிள்ளைக்கோ வேறு துன்பம். ரொட்டியில் அந்தப் பழுப்புப் பசையைத் தடவிக் கொடுத்தால் மட்டுமே சாப்பிட்டான். அம்மா கோழிக்குழம்பு வைத்தாள், முட்டை பொரித்தாள், பாயசம்கூடக் காய்ச்சினாள். எல்லாவற்றுக்கும் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டான். சாப்பாட்டுக்கு முன் எங்கள் வீட்டில் எல்லோரும் கண்ணை மூடி ஜெபம் செய்வோம். அவனும் பக்தியாகக் கண்ணை மூடி, "ஆண்டவரே, இவங்க எனக்கு பீனட் பட்டர் மட்டும் குடுக்கணும்" என்று சத்தமாக வேண்டிக்கொள்வான். தன் சமையலைப் பற்றி ஆண்டவரிடமே புகார் போனதில் அம்மாவுக்குப் பெரிய வருத்தம்.

அப்படியிருக்கையில் பாட்டில் காலியானது. மாமாவுக்குச் சொல்லி அனுப்பச் சொல்லலாம் என்று நான் யோசனை சொன்னேன். "அவரே அங்க அல்லாடிக்கினு கிறாரு, இதுக்குப் போயி போன் பண்ணுவாங்களா?" என்று அப்பா என்னை அடக்கிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போனார். இருட்டுவதற்குள் வேர்க்க விறுவிறுக்கத் திரும்பினார்.

"கள்ளக்குறிச்சி பூரா தேடிட்டேன். பட்டர் கீது, ஜாம் கீது, சாக்லேட்டு கீது. இது மட்டும் இல்ல. பேரச் சொன்னா கடைக்காரனுங்க என்ன மேலயும் கீழயும் பாக்குறானுங்க."

வாங்கிவந்த ஜாமை அத்தை மகன் தொடவில்லை. மறுநாளும் பால், பிஸ்கட்டோடு நின்றுவிட்டான். அழவுமில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருக்கலாம். கழுவாத காலி பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கொண்டுவந்திருந்த டைனோசர் பொம்மையோடு கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டான். அம்மா பயந்துவிட்டாள்.

"தாய்மாமன் வூட்ல வுட்டுட்டுப் போன புள்ள எளச்சித் திரும்பிப் போனா நம்பள இன்னா நெனைப்பாங்க? அவளுக்கு இருக்கிற கஷ்டத்துல இது வேறயா?"

அவன் தூங்கியபோது நான் மெதுவாக அந்தப் பாட்டிலை எடுத்து மூடியின் உள்பக்கத்தை நக்கிப் பார்த்தேன். அவ்வளவு அரிய பொருள் எப்படித்தான் இருக்கும் என்ற ஆசைதான். நாக்கில் பட்டதுமே எனக்கு ஏமாற்றமாகிவிட்டது. எனக்குப் பிறந்ததிலிருந்து தெரிந்த ருசி அது.

"அம்மா, இது மல்லாட்டைம்மா!" வேர்க்கடலைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர்.

"போடி. மல்லாட்டையப் போய் யாராவது பாட்டில்ல போட்டு விப்பாங்களா?"

ஆனாலும் அம்மாவும் விரலால் வழித்துப் பார்த்தாள். அப்பா பார்த்தார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்போதுதான் அறுவடை முடிந்து, மாடி முழுக்க மல்லாட்டை காய்ந்துகொண்டிருந்தது. படியில் கால் வைக்க இடமில்லாமல் மூட்டைகள் வேறு. அப்பா கள்ளக்குறிச்சி முழுக்கத் தேடியலைந்த பொருளின் மேல் உட்கார்ந்துதான் முந்தின நாள் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்தார்.

உடனே வேலை தொடங்கியது. ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து தொலி உடைத்தோம். அம்மா இரும்புச் சட்டியில் பருப்பைப் போட்டுச் சின்னத் தீயில் வறுத்தாள். அது படபடவென்று வெடித்து வாசனை வந்ததும் துண்டில் கொட்டிக் கசக்கினோம். முறத்தில் போட்டுப் புடைக்க, சிவப்புத் தோல் பறந்து போய் அடுத்த வீட்டுக்காரர் குடித்துக்கொண்டிருந்த டீயில் விழுந்தது. இன்னா சேதி என்று கேட்டுக்கொண்டு அவரும் வந்து நின்றார். அவர் பின்னால் இன்னும் சிலர்.

மிக்சியில் போட்டு அரைத்தால் பொடிதான் வந்தது. எவ்வளவு ஓட்டியும் பொடி ஜாரின் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டு நின்றது. "சட்னி அரைக்கிற மாதிரி கொஞ்சம் தண்ணி வுடும்மே" என்று சொல்லி, அம்மா தடுப்பதற்குள் அப்பாவே ஒரு டம்ளர் தண்ணீரைக் கொட்டினார். அது இளகவில்லை. கட்டடம் கட்டுகிற கலவை மாதிரி இறுகிப்போனது. எடுத்து உருட்டினால் சுவரில் ஓட்டை அடைக்கலாம். கட்டிலுக்கு அடியிலிருந்து வந்து எட்டிப் பார்த்த அத்தை மகன் திரும்பிப் போய்விட்டான். அம்மா அதில் மிளகாயும் புளியும் சேர்த்து நிஜமாகவே சட்னி ஆக்கினாள். இரவு இட்லிக்கு அதுதான். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் யாரும் பாராட்டவில்லை.

மறுநாள் காலை மறுபடியும் வறுத்தோம். இந்த முறை தண்ணீர்ச் செம்பை அப்பாவின் கைக்கு எட்டாத இடத்தில் வைத்தாள் அம்மா. பொடி வந்தது. விடாமல் ஓட்டினாள். பொடி திரண்டு ஒரு பெரிய உருண்டையாகி ஜாருக்குள் தடதடவென்று சுற்றியது. மிக்சி முனகியது, சூடேறியது, கருகல் நாற்றம் அடித்தது, சட்டென்று நின்றுபோனது. சுவிட்சை எத்தனை தட்டியும் அசையவில்லை.

"போச்சி. மிக்சியும் போச்சி" என்றார் அப்பா. அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் துக்க வீட்டிலிருந்து போவது மாதிரி சொல்லிக்கொள்ளாமல் போனார்கள்.

அப்பா மிக்சியைக் கவிழ்த்துப் போட்டு ஆராய்ந்துகொண்டிருந்தார். நான் ஜார் மூடியைத் திறந்து அந்த உருண்டையை விரலால் அழுத்திப் பார்த்தேன். விரல் பளபளத்தது. அழுத்திய குழியில் எண்ணெய் துளித்து நின்றது.

"அம்மா, எண்ண வுடுதும்மா!"

அம்மா எழுந்து வந்து பார்த்தாள். அவள் முகம் மாறியது. "செக்குல போட்டா எண்ண வருதில்ல? இதுலயும் வராம எங்க போவும்? வேற எதுவும் ஊத்தவே வாணாம். இதுக்கு வேண்டியது இதுக்குள்ளயே கீது" என்றாள். அதே நேரத்தில் அப்பாவும் மிக்சியின் அடியில் ஒரு சிவப்புப் பொத்தானைக் கண்டுபிடித்திருந்தார். அதிகம் சூடானால் தானாக அணைந்துவிடுமாம், ஆறவிட்டு அதை அழுத்தினால் போதுமாம். இத்தனை வருடமாக அந்தப் பொத்தான் அங்கே இருந்தது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

மிக்சி ஆறும்வரை மூவரும் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். பிறகு அம்மா கொஞ்சம் ஓட்டுவதும் நிறுத்துவதும், கரண்டியால் கிளறுவதும் மறுபடி ஓட்டுவதுமாகப் பொறுமையாகச் செய்தாள். திடீரென்று சத்தம் மாறியது. தடதடப்பு நின்று, சேற்றில் கால் வைத்து எடுப்பது போல ஒரு குழைந்த சத்தம். எட்டிப் பார்த்தால் உருண்டையைக் காணவில்லை. தோசை மாவு போல, அதைவிட வழவழப்பாக, பொன்னிறத்தில் ஒன்று ஜாருக்குள் சுழன்றுகொண்டிருந்தது. அப்பா கை தட்டினார். உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் போட்டு அம்மா இன்னொரு சுற்று ஓட்டினாள்.

கூப்பிடவே தேவையிருக்கவில்லை. வாசனை கட்டிலுக்கு அடியில் போய் அவனை இழுத்துக்கொண்டு வந்தது. விரலை விட்டு எடுத்து வாயில் வைத்தான். நாங்கள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சூடா இருக்கு" என்றான். பிறகு மறுபடி விரலை விட்டான். "ஆனா இது நல்ல பீனட் பட்டர். அந்தப் பாட்டில்ல இருந்தது கெட்டது."

வீட்டில் ரொட்டி இல்லை. கல்வராயன் மலைக்காரர்களிடம் வாங்கிய சாமையில் தோசை சுட்டு அதில் தடவிக் கொடுத்தாள் அம்மா. தின்றான். இன்னொன்று கேட்டான். அதையும் தின்றுவிட்டு வாழைப்பழத்தில் தடவித் தின்றான். அப்பா ஒரு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு தெருவுக்குப் போய், துக்கம் கேட்டுவிட்டுப் போனவர்கள் வீடு ஒவ்வொன்றிலும் ஆளுக்கொரு கரண்டி நக்கக் கொடுத்துவிட்டு வந்தார். அன்றைக்கு ராத்திரி ஜெபத்தில் அத்தை மகன் ஆண்டவருக்கு நன்றி சொன்னான். கூடவே மிக்சிக்கும் சொன்னான்.

அதன்பிறகு அவன் எதைத்தான் தின்னவில்லை! களியில் தடவினான், இட்லியில் தடவினான், ஒருநாள் கருவாட்டிலும் தடவினான். கன்னம் உப்பிவிட்டது. தெருவில் யாராவது கேட்டால், கண்டுபிடித்தது நான்தான் என்று மறக்காமல் சொல்லிவிடுவேன்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன் அவனை அழைத்துப்போக மாமாவும் அத்தையும் வந்தார்கள். அத்தை மிகவும் மெலிந்திருந்தாள். தலையில் நீலப் பூப்போட்ட துணி ஒன்றை அழகாக இறுக்கிக் கட்டியிருந்தாள். சென்னையில் இப்போது இதுதான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அம்மா பரிமாறியதை எல்லாம் கையால் தள்ளி, "வாய்க்குப் புடிக்கல அண்ணி, எது தின்னாலும் இரும்பக் கடிக்கிற மாதிரியே கீது" என்றாள்.

அத்தை மகன் ஓடிப்போய், அம்மா அரைத்து நிரப்பியிருந்த பாட்டிலைக் கொண்டுவந்து, தோசையைப் பிய்த்து, தானே தடவி அவள் வாயில் வைத்தான். அத்தை மென்றாள். நிறுத்தினாள். மறுபடி மென்றாள். அடுத்த வாய்க்கு அவளே கையை நீட்டினாள். பிறகு கரண்டியை வாங்கிக்கொண்டு பாட்டிலிலிருந்தே தின்ன ஆரம்பித்தாள். மாமா எழுந்து ஜன்னல் பக்கம் போனார். அம்மா தோசையைத் திருப்ப மறந்து நின்றாள். கல்லில் புகை எழுந்தது. சின்னப் பிள்ளை பங்கை இப்படித் தின்கிறாளே என்று எனக்கு ஒரு பக்கம் கோபம். சென்னையையே ஜெயித்துவிட்டோம் என்று இன்னொரு பக்கம் பெருமை.

கிளம்பும்போது அம்மா பெரிய தூக்கு நிறைய அரைத்துக் கொடுத்தாள். நான் அத்தையிடம், அந்தத் தலைத்துணியை எனக்குத் தருவாளா, ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குக் கட்டிக்கொண்டு போக வேண்டும் என்று கேட்டேன். அம்மா என் கையைப் பிடித்து அழுத்தினாள். அத்தை மட்டும் கலகலவென்று சிரித்தாள்.

"இப்ப எனக்கு வேணும்டி. எனக்கு வாணாம்னு ஆனதும் உனக்குத்தான். சத்தியம்."

கிறிஸ்துமஸுக்கு அத்தை வந்தாள். வந்ததும் வராததுமாகப் பையைத் திறந்து, சொன்னபடியே, துவைத்து மடித்த அந்தத் துணியை என் கையில் வைத்தாள். அவள் தலையில் பையன்களுக்கு இருப்பது போலக் குட்டையாக, சுருள் சுருளாகப் புது முடி. அப்பா தங்கையின் தலையில் கையை வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி விம்மினார். அம்மா என்னிடமிருந்து துணியைப் பிடுங்கி முகத்தில் பொத்திக்கொண்டு அழுதாள், உடனே சிரித்தாள். மாமா எல்லோரையும் முழங்கால் போடச் சொல்லி ஸ்தோத்திரம் சொல்ல ஆரம்பித்தார்.

நானும் முழங்கால் போட்டேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. துணி இவ்வளவு சாயம் போய்விட்டதே, இதை எப்படிக் கோவிலுக்குக் கட்டிக்கொண்டு போவது என்பதுதான் அப்போது என் கவலையாக இருந்தது.