ஒரே அளவில் ஐந்து குதிரைகள்

தாராவியில் ஒரு பட்டறையில் தோல் பை வெட்டுகிறவன் நான். ஏழாவதோடு என் படிப்பு போச்சு. எட்டாவது படிக்கிற மகள் பள்ளிக்கூடத்திலிருந்து எதைக் கொண்டுவந்தாலும் எனக்குப் பதற்றம்தான். இந்த முறை கொண்டுவந்தது செனோசோயிக். டைனோசரெல்லாம் செத்தொழிந்த பிறகு தொடங்கி, ஆறரைக் கோடி வருசமாக இன்னும் முடியாத யுகமாம். அதில் குதிரை எப்படி மாறியது என்று தோலில் ஐந்து குதிரை செய்து காட்டுவதாக டீச்சரிடம் வாக்குக் கொடுத்துவிட்டாள். திங்கட்கிழமை கண்காட்சி. குதிரை வரவில்லையென்றால் அவள் நின்று பேச வேண்டிய மேசை வேறொருத்திக்குப் போய்விடும்.

"டென்சன் ஆகாதீங்கப்பா, அஞ்சே அஞ்சுதான்."

ஆகாமல் இருக்க முடியுமா? ஞாயிறு காலையிலேயே பட்டறையைத் திறந்து, அட்டையில் ஒரு குதிரை வரைந்து ஃபர்மா, அதாவது அளவு அச்சு, எடுத்தேன். அந்த அட்டையைத் தோல்மேல் வைத்து, எங்கள் வழக்கப்படி இம்மி பிசகாமல் ஐந்தையும் வெட்டினேன். ஒரு பை சிறுத்தாலும் மொத்தச் சரக்கும் திரும்பி வருகிற தொழில். கை அதற்கே பழகியது.

மகள் பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தாள்.

"அரே அப்பா! எல்லாம் சேம் சைஸ்!"

"ஏளா, சேமா இருந்தாத்தான நல்ல வேலை?"

"முதல் குதிரை நாய் அளவுதான். முன்னங்கால்ல நாலு விரல். போகப் போகத்தான் பெருசாகி, விரல் கொறஞ்சு, ஒத்தக் குளம்பு வந்துச்சு."

"இத நேத்தே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னாளே," என்றாள் டீ கொண்டுவந்த என் மனைவி. "நீங்கதான் பசை காயுமா காயாதான்னு பொலம்பிட்டு இருந்திய."

வேறு தோல் கிடையாது. ஒன்றை அப்படியே விட்டு, மற்ற நாலையும் சிறுசு சிறுசாக நறுக்க வேண்டும், அதுவும் ஃபர்மா இல்லாமல். கண்ணளவிலேயே வெட்ட ஆரம்பித்தேன். மூன்று எப்படியோ தேறின. நாலாவதில் கத்தி வழுக்கி, கழுத்து குட்டையாகி, கால் கோணிவிட்டது.

"போச்சு! எல்லாம் போச்சு!"

"கத்தாதீங்கப்பா. காடு கொறஞ்சு புல்வெளி ஆனப்ப மாற முடியாம செத்துப்போன குதிரையும் உண்டு. இத தனியா ஓரத்துல ஒட்டிருவோம்."

தப்பாக வெட்டியதற்குக்கூட ஒரு காரணம் வைத்திருக்கிறார்களே இந்தப் படிக்கிற பிள்ளைகள்! எனக்கு எரிச்சல்தான் வந்தது. ராத்திரி ஐந்தையும் ஒரு அட்டைப் பெட்டிக்குள் பசை போட்டு ஒட்டினோம், கோணலை மட்டும் ஓரமாக.

திங்கள் காலை செம்பூர் பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துப் போனோம். பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "நாய் பொம்மையா?" என்று இந்தியில் கேட்டார். "குதிரை!" என்று கத்திவிட்டேன்.

கண்காட்சி அறைக்குள் பெற்றோரை விடவில்லை. வாசலில் நின்றேன். டீச்சர் கோணல் குதிரையைக் காட்டி ஏதோ கேட்டார். மகள் இங்கிலீஷில் மூச்சுவிடாமல் பதில் சொன்னாள். டீச்சர் சிரித்துக்கொண்டே அவள் பெயர் அட்டையை மேசையில் வைத்தார். அத்தோடு விட்டாரா? பெரிய குதிரையைக் குளம்பைப் பிடித்துத் தூக்கினார்.

"ஏளா, வைக்கச் சொல்லு! பசை இன்னும் காயல!"