ரோல்ஸ் பையில் ஒரு கனவு அணி

விமான நிலையம் போகும் வழியில் சாப்பிட ரோல்ஸ் வாங்க அஜின்கோர்ட் பகுதித் தமிழ்க் கடையொன்றில் நிற்கிறேன். கொத்து ரொட்டி அடிக்கும் சத்தத்தையும் மீறி மூன்று அண்ணைமார் கத்துகிறார்கள். ஓய்வுபெற்ற பேஸ்போல் வீரர்களிலிருந்து எக்காலத்துக்குமான கனவு அணியை ஒரு கடதாசிப் பையில் எழுதுகிறார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சண்டை, பிறகு கைதட்டல். கடைசிப் பெயரை எழுதிய மீசைக்காரர் பையைப் பெருமையோடு எனக்குக் காட்டுகிறார். எண்ணிப் பார்க்கிறேன்.

"அண்ணை, உதில பதினொரு பேர் நிக்கினம். பேஸ்போலுக்கு ஒன்பதுதானே? உது கிரிக்கெட் கணக்கெல்லோ."

மூவரும் பையின் மேல் குனிந்து எண்ணுகிறார்கள். மீசைக்காரர் இரண்டு பேரை வெட்டப் பேனையைத் திறக்கிறார். பட்டியலை மேலும் கீழும் பார்க்கிறார். மெதுவாகப் பேனையை மூடுகிறார்.

"பிழைதான் பிள்ளை. ஆனா ஒருத்தரையும் வெட்டேலாது. எதிர் ரீமும் பதினொரு பேரோட வரட்டும்."